பாதுகாப்பு பட்ஜெட் கூடுகிறதா, குறைகிறதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலூரில் போட்டித் தேர்வு எழுதும் பிள்ளைகளுக்குப் பொருளாதாரம் எடுக்கிறேன். இந்தப் பக்கம் பட்டாளத்துக் குடும்பங்கள் அதிகம். கம்மவான்பேட்டை போன்ற ஊர்களில் தாத்தா, அப்பா, மகன் என்று மூன்று தலைமுறையும் ராணுவத்தில் இருந்த வீடுகள் உண்டு. அதனால் மத்திய பட்ஜெட் நாளான பிப்ரவரி 1 வந்தால் என் வகுப்பில் பாடம் நடக்காது, சண்டைதான் நடக்கும். "வரலாறு காணாத உயர்வு" என்று ஒரு பெஞ்ச் சொல்லும். "1962-க்குப் பிறகு இவ்வளவு குறைந்ததே இல்லை" என்று பின் பெஞ்ச் பதில் கொடுக்கும். இரண்டு பேரும் போனை நீட்டுவார்கள். இரண்டு போனிலும் இருக்கும் எண்கள் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். சிக்கலே அதுதான்.

திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளைக் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே கீழே எழுதியிருக்கிறேன். எண்கள் எல்லாம் 2025-26 பட்ஜெட் வரைக்குமானவை.

"சார், பாதுகாப்பு பட்ஜெட் மொத்தம் எவ்வளவு? ஒரே நம்பரா சொல்லுங்க."

2025-26-க்கு 6,81,210 கோடி ரூபாய். முந்தைய ஆண்டு பட்ஜெட்டில் 6,21,941 கோடி. ஆக 9.5 சதவீதம் கூடுதல்.

பார்க்க ஒரே நம்பர்தான், ஆனால் உள்ளே நான்கு பைகள் இருக்கின்றன. மத்திய பட்ஜெட் ஆவணத்தில் மானியக் கோரிக்கை (இன்ன செலவுக்கு இவ்வளவு பணம் வேண்டும் என்று நாடாளுமன்றத்திடம் கேட்பது) 19-லிருந்து 22 வரை புரட்டினால் தெரியும். 19-வது, அமைச்சகத்தின் சிவில் செலவு: எல்லைச் சாலை அமைப்பு, கடலோரக் காவல் படை போன்றவை, 28,683 கோடி. 20-வது, முப்படைகளின் வருவாய்ச் செலவு: சம்பளம், ரேஷன், டீசல், உதிரிப் பாகம், தோட்டா எல்லாம் சேர்த்து 3,11,732 கோடி. 21-வது, மூலதனச் செலவு: விமானம், கப்பல், டாங்க் போன்றவை, 1,80,000 கோடி. 22-வது, ஓய்வூதியம், 1,60,795 கோடி. நாலையும் கூட்டினால்தான் அந்த 6.81 லட்சம் கோடி. யாராவது "பாதுகாப்பு பட்ஜெட்" என்று ஆரம்பித்தால் எந்தப் பையைச் சொல்கிறார் என்று முதலில் கேளுங்கள். பாதிச் சண்டை அங்கேயே முடிந்துவிடும்.

"சுத்தி வளைக்காதீங்க சார். கூடுதா, குறையுதா?"

சரி, 2013-14-ஐயும் 2025-26-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைப்போம். இரண்டுமே பட்ஜெட்டில் ஒதுக்கிய தொகை, இரண்டிலும் நான்கு பைகளும் உண்டு.

ரூபாயில் 2.53 லட்சம் கோடி 6.81 லட்சம் கோடி ஆனது, அதாவது 2.7 மடங்கு. விலைவாசியைக் கழித்தால் உயர்வு ஏறக்குறைய ஒன்றரை மடங்குதான். டாலரில் (அன்று 60 ரூபாய், 2025 தொடக்கத்தில் 86 ரூபாய்க்கு மேல்) சுமார் 4,200 கோடி டாலர் 7,900 கோடியைத் தொட்டது, இரண்டு மடங்குக்குக் கொஞ்சம் குறைவு. மத்திய அரசின் மொத்தச் செலவில் பங்கு 15.2 சதவீதத்திலிருந்து 13.45 ஆக இறங்கியது. ஜிடிபியில் (நாட்டின் மொத்த உள்நாட்டு உற்பத்தியில்) பங்கு 2.2 சதவீதத்தை ஒட்டி இருந்தது 1.9 ஆனது.

மூன்று அளவுகோலில் ஏற்றம், இரண்டில் இறக்கம். இதில் யாரும் பொய் சொல்லவில்லை. ஆளுங்கட்சிப் பேச்சாளர் முதல் அளவுகோலையும் எதிர்க்கட்சிப் பேச்சாளர் கடைசி அளவுகோலையும் எடுத்துக்கொள்வார். கட்சிகள் இடம் மாறினால் அளவுகோல்களும் கை மாறும். இதை நான் இரண்டு தடவை பார்த்துவிட்டேன்.

"அதெப்படி ரூபாய்ல கூடி ஜிடிபில குறையும்? லாஜிக்கே இல்லையே."

உங்கள் வீட்டு அரிசிச் செலவை எடுத்துக்கொள்ளுங்கள். அப்பா சம்பளம் 15,000 ஆக இருந்தபோது அரிசிக்கு 1,500 போனது, பத்தில் ஒரு பங்கு. சம்பளம் 50,000 ஆனபோது நல்ல பொன்னி வாங்க ஆரம்பித்து 3,000 ஆகிறது. செலவு இரட்டிப்பு, பங்கு மட்டும் 6 சதவீதம். சோறு குறைந்துவிட்டது என்று யாரும் சொல்ல மாட்டோம். பாதுகாப்பு ஒதுக்கீடு 2.7 மடங்கு ஆன அதே காலத்தில் நாட்டின் ஜிடிபி, விலைவாசியும் சேர்ந்து, மூன்று மடங்குக்கு மேல் பெருத்தது. அதனால்தான் பங்கு சரிந்தது.

ஆனால் ராணுவம் அரிசி இல்லை. பக்கத்து வீட்டுக்காரன் எவ்வளவு சாப்பிடுகிறான் என்பதைப் பொறுத்து நம் தட்டின் அளவு மாறுவதில்லை. எல்லையில் நிலைமை அப்படி இல்லை. உவமை இதுவரைக்கும்தான் உதவும்.

"பட்ஜெட் மதிப்பீடு, திருத்திய மதிப்பீடுன்னு ரெண்டு மூணு நம்பர் இருக்கு. எதை எடுக்கணும்?"

பிப்ரவரியில் "வரும் ஆண்டுக்கு இவ்வளவு" என்று ஒதுக்குவது பட்ஜெட் மதிப்பீடு. அடுத்த பிப்ரவரியில், ஆண்டு முடியும் தறுவாயில், "இவ்வளவுதான் ஆகும்போல" என்று மாற்றி எழுதுவது திருத்திய மதிப்பீடு. அதற்கும் ஓராண்டு கழித்து வருவது உண்மைச் செலவு. கல்யாணத்துக்கு முன்பு போடும் கணக்கு, கல்யாணத்துக்கு முந்தின நாள் இருக்கும் கணக்கு, பந்தல்காரர் வரை எல்லோருக்கும் கொடுத்து முடித்த கணக்கு. மூன்றும் ஒன்றாக இருந்த கல்யாணத்தை நான் பார்த்ததில்லை.

மதிப்பீட்டை மதிப்பீட்டோடும் உண்மைச் செலவை உண்மைச் செலவோடும் ஒப்பிட வேண்டும். ஒன்றை மற்றொன்றோடு ஒப்பிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு அடுத்த பதிலைப் பாருங்கள்.

"2021-ல 19 சதவீதம் கூட்டினாங்கன்னு ஒருத்தர் சொல்றார், குறைச்சாங்கன்னு இன்னொருத்தர் சொல்றார். யார் பொய் சொல்றாங்க?"

எனக்குப் பிடித்த கேள்வி. வகுப்பில் ஒவ்வோர் ஆண்டும் பலகையில் எழுதிப் போடுவேன். 2020 ஜூனில் லடாக் எல்லையில் சீனாவோடு கல்வான் மோதல் நடந்தது. பட்ஜெட்டில் இல்லாத ஆயுதங்களை அவசரமாக வாங்க வேண்டி வந்தது. 2020-21-க்கு மூலதனச் செலவாக முதலில் ஒதுக்கியது 1,13,734 கோடி. ஆண்டு முடிவில் திருத்திய மதிப்பீடு 1,34,510 கோடி. அடுத்த 2021-22 பட்ஜெட்டில் மூலதனத்துக்கு 1,35,060 கோடி.

இப்போது கணக்குப் போடுங்கள். மதிப்பீட்டோடு மதிப்பீட்டை வைத்தால் 18.75 சதவீத உயர்வு. 15 ஆண்டுகளில் இல்லாத உயர்வு என்று அரசு அறிவித்தது இதைத்தான். முந்தைய ஆண்டின் திருத்திய மதிப்பீட்டோடு வைத்தால் 0.4 சதவீதம், அதாவது ஒன்றுமில்லை. நான்கு பைகளையும் சேர்த்த மொத்தத்தைப் பார்த்தால் முதலில் ஒதுக்கிய 4,71,378 கோடியிலிருந்து 4,78,196 கோடி, 1.4 சதவீத ஏற்றம். திருத்திய 4,84,736 கோடியிலிருந்து பார்த்தால் 1.3 சதவீத இறக்கம். ஓய்வூதியத்தைத் தள்ளிவிட்டால் 7.3 சதவீத ஏற்றம். ஏனென்றால் அந்த ஆண்டு ஓய்வூதியம் 1.33 லட்சம் கோடியிலிருந்து 1.15 லட்சம் கோடியாகக் குறைந்தது. முந்தைய ஆண்டில் இருந்த நிலுவைத் தொகை இந்த முறை இல்லை.

ஒரே நாளில் வந்த ஒரே பட்ஜெட்டுக்கு ஐந்து விடைகள். அன்று ராத்திரி நான்கு சேனலில் நான்கு விதமாக ஓடியதில் ஆச்சரியமே இல்லை.

"அப்போ 2025-26-லயும் இந்த மாதிரி இருக்கா?"

இருக்கிறது, இந்த முறை தலைகீழாக. மொத்த உயர்வு 9.5 சதவீதம் என்று மேலே சொன்னேன். முந்தைய ஆண்டின் திருத்திய மதிப்பீடான 6.41 லட்சம் கோடியோடு வைத்தால் அது 6.3-ஆகச் சுருங்குகிறது. மூலதனத்திலோ 1,72,000 கோடியிலிருந்து 1,80,000 கோடி, வெறும் 4.65 சதவீதம். ஆனால் 2024-25-ல் அந்த 1,72,000 கோடி முழுதாகச் செலவாகாமல் திருத்திய மதிப்பீடு 1,59,500 கோடியாக இறங்கியது. அதோடு ஒப்பிட்டால் உயர்வு 12.9 சதவீதம்! போன ஆண்டு செலவழிக்காமல் விட்டதால் இந்த ஆண்டு பெரிய உயர்வு போலத் தெரிகிறது. பரீட்சையில் 40 எடுத்தவன் அடுத்து 60 எடுத்தால் 50 சதவீத முன்னேற்றம் என்று வீட்டில் சொல்வானே, அந்த வகை.

"1962-க்குப் பிறகு ரொம்பக் குறைவுன்னு சொல்றது உண்மையா, வாட்ஸ்அப் கதையா?"

கதை இல்லை. முரளி மனோகர் ஜோஷி தலைமையிலான நாடாளுமன்ற மதிப்பீட்டுக் குழு 2018-ல் சொன்னது. 2017-18-ன் பாதுகாப்புச் செலவு ஜிடிபியில் 1.56 சதவீதம், சீனப் போருக்குப் பிந்தைய காலத்தில் இதுவே குறைவு என்று அந்த அறிக்கை குறிப்பிட்டது. ஆளுங்கட்சியின் மூத்த தலைவர் ஒருவரே சொன்னதால் அது ரொம்ப நாள் பேசப்பட்டது.

சூட்சுமம் ஒன்று உண்டு. அந்த 1.56-ல் ஓய்வூதியமும் சிவில் செலவும் கிடையாது, நான்கில் இரண்டு பைகள் மட்டும்தான். நான்கையும் சேர்த்தால் அதே 2017-18-க்கு 2 சதவீதத்தைத் தாண்டிவிடும். போன ஆண்டு ஒரு மாணவன் "அப்போ 1.56, இப்போ 1.9, ஏறியிருக்கே சார்" என்றான். இரண்டு பையை நான்கு பையோடு ஒப்பிட்டிருக்கிறான். 2025-26-க்கும் இரண்டு பையை மட்டும் எடுத்தால் 4.92 லட்சம் கோடி, ஜிடிபியில் 1.4-ஐ ஒட்டி நிற்கும். ஏறவில்லை, இறங்கியிருக்கிறது.

"முன்னாடி எல்லாம் எவ்வளவு இருந்துச்சு?"

1962-க்குப் பிறகு சட்டென்று ஏறியது. அப்புறம் 1980-களின் பிற்பகுதியில் 3 சதவீதத்தைத் தாண்டி ஒரு உச்சம். மிராஜ், மிக்-29, போஃபர்ஸ் பீரங்கி என்று வாங்கிக் குவித்த காலம் அது. இலங்கைக்கு அமைதிப்படை போனதும் அப்போதுதான். 1991-ல் அந்நியச் செலாவணி தீர்ந்து கையைப் பிசைந்தபோது இதுவும் சுருங்கியது. அதற்குப் பிறகு அந்த உச்சம் திரும்பவில்லை.

"அப்போ ஜிடிபில 3 சதவீதம் கட்டாயம் ஒதுக்கணும்னு சட்டம் போட்டுடலாமே?"

நாடாளுமன்ற நிலைக்குழு அறிக்கைகளில் 3 சதவீதக் கோரிக்கை பல முறை வந்திருக்கிறது. எனக்கு இதில் உடன்பாடில்லை, என் கருத்து என்றே எடுத்துக்கொள்ளுங்கள். 2025-26-ல் பட்ஜெட் கணக்கில் எடுத்த ஜிடிபி சுமார் 357 லட்சம் கோடி. அதில் 3 சதவீதம் 10.7 லட்சம் கோடி, மத்திய அரசின் மொத்தச் செலவான 50.65 லட்சம் கோடியில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல். வட்டி கட்டி, மாநிலங்களுக்குக் கொடுத்து, மானியம் கொடுத்து மிச்சத்தில் இது எங்கிருந்து வரும் என்று கேட்டால் பதில் வருவதில்லை.

இன்னொரு விஷயம், ஜிடிபி எதிரியைப் பார்த்து ஏறி இறங்குவதில்லை. கொரோனா ஆண்டில் ஜிடிபி சுருங்கியதால் சதவீதம் தானாக ஏறியது. அதற்காக ராணுவம் பலமாகிவிட்டதா? எதற்காக, எத்தனை ஸ்குவாட்ரன் (போர் விமான அணி), எத்தனை நீர்மூழ்கி என்று கேட்பதுதான் பொருத்தமான கேள்வி. சதவீதம் மேடையில் சொல்ல வசதி, அவ்வளவுதான்.

"சரி சார், கூடுற பணம் எங்கதான் போகுது? ஆயுதத்துக்கா?"

இங்கேதான் எனக்கு உண்மையான கவலை. மறுபடி 2013-14-க்கு வாருங்கள். அப்போது மூலதனத்துக்கு 86,741 கோடி, மொத்தத்தில் 34 சதவீதம். 2025-26-ல் 1,80,000 கோடி, மொத்தத்தில் 26 சதவீதம். ரூபாயில் இரண்டு மடங்கு, விலைவாசியைக் கழித்தால் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான் உயர்வு. அதே காலத்தில் ஓய்வூதியம் 44,500 கோடியிலிருந்து 1,60,795 கோடி, மூன்றரை மடங்குக்கு மேல். (இடையில் 2016-17-ல் சில தலைப்புகளை இடம் மாற்றினார்கள். அதனால் பைசா சுத்தமான ஒப்பீடு அல்ல. போக்கு மாறாது.)

2018 மார்ச்சில் ராணுவத் துணைத் தளபதியாக இருந்த லெப்டினன்ட் ஜெனரல் சரத் சந்த் நாடாளுமன்ற நிலைக்குழு முன் சொன்னதை இதோடு சேர்த்துப் படியுங்கள். ராணுவத்திடம் இருக்கும் தளவாடங்களில் 68 சதவீதம் பழையவை, 24 சதவீதம் நடப்புத் தலைமுறை, 8 சதவீதம்தான் அதிநவீனம். நவீனமயத்துக்குக் கொடுத்தது 21,338 கோடி, ஏற்கெனவே வாங்கியவற்றுக்குக் கட்ட வேண்டிய தவணையே 29,033 கோடி. இத்தனைக்கும் அந்த 2018-19-ல் பாதுகாப்பு ஒதுக்கீடு 7.81 சதவீதம் கூடியதாக அறிவித்திருந்தார்கள். கூடியதும் உண்மை, பழைய தவணை கட்டவே பணம் போதாததும் உண்மை.

"வாத்தியாரே, அப்போ எங்க பென்ஷன்தான் பாரம்னு பசங்களுக்குச் சொல்லித் தர்றீங்களா?"

பேத்தியைக் கூட்டிப்போக வந்த ஓய்வுபெற்ற ஹவில்தார் ஒருவர் வகுப்பு வாசலிலேயே கேட்டது. பலகையில் இருந்த 1,60,795-ஐப் பார்த்துவிட்டார். நாற்காலி போட்டு உட்கார வைத்துத்தான் பதில் சொன்னேன்.

இல்லை ஐயா. பட்டாளத்துக்காரர் முப்பத்தைந்து, நாற்பது வயதில் வீட்டுக்கு அனுப்பப்படுகிறார். படை இளமையாக இருக்க வேண்டும் என்பதற்காக நாடு செய்துகொண்ட ஏற்பாடு அது. அதற்கான விலைதான் நீண்ட கால ஓய்வூதியம். 2015-ல் அறிவித்து 2014 ஜூலை 1 முதல் கணக்கிட்ட ஒரே பதவிக்கு ஒரே ஓய்வூதியமும் நெடுநாள் கோரிக்கை. அது கொடுக்க வேண்டிய பணம்தான். நான் சொல்வது வேறு. ஓய்வூதியம் ஏறியதை "ராணுவ பலம் ஏறியது" என்று விளம்பரப்படுத்தக் கூடாது. அந்தப் பணத்தில் துப்பாக்கி வராது. அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அது சரி. எங்க காலத்துல பூட்ஸுக்கே இண்டென்ட் போட்டுட்டு மாசக்கணக்கா உட்காரணும்" என்றார்.

"அக்னிபாத் வந்துடுச்சே, இனி பென்ஷன் செலவு குறையும்தானே?"

இப்போது இல்லை. 2022-ல் வந்த அந்தத் திட்டத்தில் சேருபவர்களில் நான்கு ஆண்டுக்குப் பின் 25 சதவீதம் வரைதான் நிரந்தரமாவார்கள். மற்றவர்களுக்கு ஓய்வூதியம் இல்லை, சேவா நிதி என்று சுமார் 11.71 லட்சம் கொடுத்து அனுப்புவார்கள். ஆனால் இன்று ஓய்வு பெறுபவர் இருபது ஆண்டுக்கு முன் பழைய முறையில் சேர்ந்தவர். அடுத்த பத்துப் பதினைந்து ஆண்டும் அப்படித்தான். சேமிப்பு கண்ணுக்குத் தெரிவதற்குள், இன்று என் வகுப்பில் இருப்பவர்களின் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருப்பார்கள். எட்டாவது ஊதியக் குழுவின் உயர்வும் நடுவில் வந்து சேரும்.

திட்டம் நல்லதா கெட்டதா என்பது தனிப் பஞ்சாயத்து. அதற்கு இந்தப் பக்கம் இடமில்லை.

"ஒதுக்கின பணத்தையே செலவு பண்ணலைன்னா, பணம் பத்தலைன்னு ஏன் அழறாங்க?"

நியாயமான கேள்வி. பதில் பணத்தில் இல்லை, நேரத்தில் இருக்கிறது. தேஜஸ் மார்க் 1ஏ விமானத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2021 பிப்ரவரியில் 83 விமானங்களுக்குச் சுமார் 48,000 கோடியில் ஒப்பந்தம். முதல் விமானம் 2024 மார்ச்சுக்குள் வர வேண்டும். அமெரிக்காவிலிருந்து வர வேண்டிய எஃப்-404 எஞ்சின் தாமதமானது. அந்த ஒப்பந்தத்துக்கான முதல் எஞ்சின் வந்ததே 2025 மார்ச்சில். பொருள் வராமல் தவணை போகாது. தவணை போகாவிட்டால் ஒதுக்கிய பணம் அப்படியே நிற்கும். மார்ச் 31 தாண்டினால் கருவூலத்துக்கே திரும்பிவிடும்.

திரும்பாத நிதி ஒன்று வேண்டும் என்ற பேச்சு புதிதல்ல. 2004 இடைக்கால பட்ஜெட்டிலேயே அப்போதைய நிதியமைச்சர் ஜஸ்வந்த் சிங் 25,000 கோடியில் அப்படி ஒன்றை அறிவித்தார். 15-வது நிதிக் குழு 2021-26 காலத்துக்கு 2.38 லட்சம் கோடியில் ஒரு நவீனமய நிதியைப் பரிந்துரைத்தது. நிதி இருந்தாலும் எஞ்சின் வராத இடத்தில் அது என்ன செய்யும் என்பது என் சந்தேகம்.

"2.09 லட்சம் கோடிக்கு ஒப்பந்தம்னு நியூஸ் வந்துச்சு. மூலதனமே 1.6 லட்சம் கோடிதான்னா எப்படி?"

2024-25-ல் அமைச்சகம் 193 ஒப்பந்தங்கள் போட்டது, மதிப்பு 2,09,050 கோடி. ஒரே ஆண்டில் போட்டதில் அதுவரை இதுவே அதிகம். ஒப்பந்தம் என்பது முன்பணம் கொடுத்து அட்வான்ஸ் சீட்டு வாங்குவது மாதிரி. மிச்சம் ஐந்து, ஏழு, பத்து ஆண்டு பரவலாகப் போகும். ஆகவே ஒப்பந்தத் தொகையில் உச்சம் தொட்ட அதே ஆண்டில்தான் மூலதனச் செலவு ஒதுக்கியதைவிடக் குறைந்தது (மேலே 1,59,500 கோடி என்று பார்த்தோமே, அந்த ஆண்டுதான்). இரண்டு செய்தியும் ஒரே பேப்பரில் வந்தால் குழம்ப வேண்டாம்.

"ஆவடியில தயாரிச்சா பணம் நம்ம ஊருக்குத்தானே? அது பாதுகாப்பு பட்ஜெட்ல வருமா?"

வரும், ஆனால் வரும் வழி மாறிவிட்டது. 2021 அக்டோபர் 1 வரை ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலை, திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலை எல்லாம் படைத் தளவாட வாரியத்தின் கீழ் அரசுத் துறையாகவே இருந்தன. அவற்றின் செலவு பாதுகாப்பு பட்ஜெட்டிலேயே ஒரு வரியாக வரும். அன்று வாரியத்தைக் கலைத்து ஏழு நிறுவனங்களாகப் பிரித்தார்கள். ஆவடி டாங்க் ஆலை இப்போது கவச வாகன நிறுவனத்தின் கீழ் வருகிறது, அதன் தலைமையகமும் ஆவடிதான். அதற்குச் சில நாள் முன்பு, செப்டம்பர் 2021-ல், 118 அர்ஜுன் மார்க் 1ஏ டாங்குகளுக்கு 7,523 கோடியில் ஆர்டர் கொடுத்தார்கள்.

ஆக 2021-க்கு முன்னும் பின்னும் உள்ள உள்வரிகளை ஒப்பிடும்போது கவனம் தேவை. ஒரு வரி காணாமல் போயிருக்கும், இன்னொரு வரி பெருத்திருக்கும். கூடவோ குறையவோ செய்யவில்லை, இடம் மாறியிருக்கிறது.

"ரூபாய் மதிப்பு இறங்கினா பட்ஜெட் கூடினதா அர்த்தமா, குறைஞ்சதா அர்த்தமா?"

எதை வாங்குகிறோம் என்பதைப் பொறுத்தது. ஜவானின் சம்பளம், பருப்பு, கூடாரம் எல்லாம் ரூபாயில். 2016-ல் ஒப்பந்தமான 36 ரஃபேல் விமானங்கள் சுமார் 787 கோடி யூரோ, தவணை பல ஆண்டுக்கு. ரூபாய் சரிந்தால் அதே தவணைக்குக் கூடுதல் ரூபாய் எடுத்து வைக்க வேண்டும். பட்ஜெட்டில் எண் ஏறும், விமானம் ஒன்றுகூட அதிகம் வராது.

"சிப்ரி ரிப்போர்ட்ல நம்ம ரேங்க் 4-ல இருந்து 5 ஆயிடுச்சு. செலவைக் குறைச்சிட்டோமா?"

குறைக்கவில்லை. உலக நாடுகளின் ராணுவச் செலவைக் கணக்கெடுக்கும், ஸ்டாக்ஹோமில் இருக்கும் சிப்ரி ஆய்வு நிறுவனம் 2023-க்கு இந்தியாவின் ராணுவச் செலவு 8,360 கோடி டாலர் என்றும் 2024-க்கு 8,610 கோடி டாலர் என்றும் கணக்கிட்டது. ஏறித்தான் இருக்கிறது. ஜெர்மனி உக்ரைன் போருக்குப் பின் ஒரே பாய்ச்சலாக 8,850 கோடி டாலருக்குப் போனதால் நாம் ஐந்தாவது ஆனோம். ரேங்க் என்பது பக்கத்து பெஞ்ச்காரன் மதிப்பெண்ணையும் சேர்த்துச் சொல்வது.

சிப்ரி எண் நம் பட்ஜெட் எண்ணோடு ஒட்டாது. எல்லைப் பாதுகாப்புப் படை, இந்தோ-திபெத் எல்லைக் காவல் போன்ற படைகளுக்கு நம் நாட்டில் உள்துறை அமைச்சகம் பணம் கொடுக்கிறது, பாதுகாப்பு அமைச்சகம் இல்லை. சிப்ரி அவற்றையும் சேர்த்துக்கொள்கிறது. அதனால்தான் அவர்கள் கணக்கில் ஜிடிபி பங்கு 2.3 சதவீதம், நம் ஆவணத்தில் 1.9.

"பாகிஸ்தான் 20 சதவீதம் கூட்டியிருக்கான், நாம 9.5 தான். இது சரியா?"

2025 ஜூனில் பாகிஸ்தான் அறிவித்தது 2.55 லட்சம் கோடி பாகிஸ்தான் ரூபாய், 20 சதவீத உயர்வு. மொத்த பட்ஜெட்டைக் குறைத்துக்கொண்டே ராணுவத்துக்குக் கூட்டினார்கள், அது கவனிக்க வேண்டியதுதான். ஆனால் ராணுவ ஓய்வூதியம் 74,200 கோடி அவர்கள் எண்ணுக்கு வெளியே, தனியாக இருக்கிறது. நாமும் அப்படி எழுதினால் நம் எண் 6.81 இல்லை, 5.20 லட்சம் கோடி. அப்புறம், சிறிய தொகையில் 20 சதவீதம் சிறியதுதான். 2024-ல் சிப்ரி கணக்கில் அவர்கள் மொத்தச் செலவே சுமார் 1,020 கோடி டாலர்.

உண்மையில் ஒப்பிட வேண்டியது சீனாவோடு. அதே சிப்ரி மதிப்பீட்டில் 31,400 கோடி டாலர், நம்மைப்போல் மூன்றரை மடங்கு. சீன அரசே வெளியிடும் எண் இதைவிடக் கணிசமாகக் குறைவு. அவர்கள் பைகள் எத்தனை என்பது வெளியே இருந்து எண்ணக் கஷ்டம்.

"அமெரிக்காலயும் இந்தச் சண்டை உண்டா சார்?"

உண்டு, இன்னும் வேடிக்கையாக. 2011-ல் அங்கே செலவுக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தபோது பத்தாண்டில் ராணுவத்துக்கு 48,700 கோடி டாலர் வெட்டு என்று அலறினார்கள். அதில் பெரும்பகுதி, உயர்த்துவதாகத் திட்டமிட்டிருந்த தொகையிலிருந்து வெட்டியது. ஆயிரம் ரூபாய் இன்கிரிமென்ட் எதிர்பார்த்தவருக்கு அறுநூறு கிடைத்தால் நானூறு வெட்டு என்று சொல்வது போல. ஈராக், ஆப்கானிஸ்தான் போர்ச் செலவை வேறு தனிக் கணக்கில் வைத்திருந்தார்கள். அதைச் சேர்த்தால் ஒரு விடை, விட்டால் இன்னொரு விடை.

"பட்ஜெட் உரைல பாதுகாப்புக்கு எவ்வளவுன்னே சொல்லலை. மறைக்கிறாங்களா?"

2016-ல் அப்போதைய நிதியமைச்சர் அருண் ஜெட்லி உரையில் அந்தத் தொகை வரவில்லை, அப்போதே பேச்சானது. உரையில் விட்டாலும் ஆவணத்தில் விட முடியாது. முதல் கேள்வியில் சொன்ன நான்கு மானியக் கோரிக்கைகளும் அன்றைக்கே பட்ஜெட் இணையதளத்தில் ஏறிவிடும்.

"கடைசியா ஒண்ணு சார். பரீட்சையில கேட்டா எந்த நம்பர் எழுதறது?"

கேள்வியில் ஆண்டு இருந்தால் அந்த ஆண்டின் பட்ஜெட் மதிப்பீடு, நான்கு பையும் சேர்த்து. பக்கத்தில் "பட்ஜெட் மதிப்பீடு" என்று இரண்டு வார்த்தை எழுதிவிடுங்கள். விரிவான விடையாக இருந்தால் மூலதனம் எவ்வளவு என்பதையும் ஒரு வரி சேருங்கள். "கூடுகிறதா, குறைகிறதா, விவாதி" என்று வந்தால் 2021-22-ஐ எழுதுங்கள். அந்த ஐந்து எண்களையும் மனப்பாடம் செய்தவர்கள் என் வகுப்பில் இதுவரை மூன்று பேர். அதில் ஒருத்தி அந்த ஹவில்தாரின் பேத்தி.